சரியாத கரை

தளிக்கு மேற்கே எழும்பிய புது ஏரிக்கரை சரியுமா, நிற்குமா என்று கணக்குப் போட்டவர் இன்ஜினியர் சபேசன். அங்கே மண் சுமக்கும் முனிலட்சுமி, சேறு காயாத கையோடு அவர் கூடாரத்து வாசலில் நின்றாள்.

"கரை சரிய வழியே இல்லை," என்றார் சபேசன். "இழுக்கிற பாரத்தைவிடத் தாங்குற பலம் ஒன்றரை மடங்கு. மெட்ராஸிலேயே ஒத்துக்கிட்ட கணக்கு."

"எங்கூட்டுக்காரரு கரைக்கு அடியிலதானுங்க சாமி இருக்காரு."

"இருக்கட்டுமே! யானையே ஏறினாலும் அசையாது. இதைப் பார்." வரைபடத்தில் சரிவைக் குடைந்தாற்போல் பென்சிலால் ஒரு வளைகோடு இழுத்தார். "சரியறதா இருந்தா இந்தக் கோட்டிலேதான் சரியணும்."

"செரிங்க சாமி. அந்தக் கோட்டுல அவரு எந்தப் பக்கம் கெடப்பாருன்னு காட்டுங்க. காலையில சரிஞ்ச மண்ணை இன்னும் தோண்டிக்கிட்டுத்தான் இருக்கோம். அவரு தலையில கட்டியிருந்த துண்டு மட்டுந்தான் கெடச்சிருக்கு."