பேரரசர் உருவிய பிளக்

பூவண்ணன் தன் வீட்டுக் கணினியைச் சர்வராக்கி ஒரு போர் விளையாட்டை நடத்திவந்தான். நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அதில் சேர்ந்து ஆடுவார்கள். அங்கே அவனுக்குப் பெயர் பேரரசர்; உள்ளே வருபவர்கள் மண்டியிட்டு வணங்க வேண்டும். ஒரு மாதமாக அரசவை காலி. "கேம் ரொம்ப ஸ்லோவா இழுக்குதுண்ணே, உள்ள நுழையவே முடியல" என்றார்கள். குடிமக்களின் துயர் துடைக்க அவன் புது ரவுட்டர் வாங்கினான். கூடத்தின் குறுக்கே கேபிள் இழுத்தான். அதில் போர்ட் எனப்படும் இணைய வழிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் பார்த்தான். எதுவும் பலிக்கவில்லை. ஞாயிறு மதியம் தளபதி ஜெபராஜைப் போனில் பிடித்து, "லைன்லயே இருடா, ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போடுறேன்" என்று சொல்லி ரவுட்டரின் பிளக்கை உருவினான்.

"ஐயையோ, அண்ணி சர்வர் போச்சு!" என்று அலறினான் ஜெபராஜ்.

"எந்த அண்ணிடா?"

உள்ளறையிலிருந்து மனைவி மாலினியின் குரல் வந்தது. "ஏங்க, நெட்ட ஏங்க புடுங்குனீங்க? அத்தன பேரும் பாதிச் சண்டையில நிக்கிறாங்க!"

பூவண்ணன் பிளக்கைப் பிடித்தபடி நின்றான்.

"அங்க யாரும் மண்டி போட்டு வணக்கம் வைக்க வேண்டியதில்லண்ணே" என்றான் ஜெபராஜ், மெல்ல. "நீங்களும் வரீங்களா? அண்ணிகிட்ட நான் சொல்லிப் பாக்குறேன்."