சிவப்பு ராஜாவுக்கு ஞாயிறு விடுமுறை

"சிவப்பு ராஜாவுக்கு இன்னைக்கு என்ன அனுப்பட்டும்? மாதுளையா, தேனா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "என்னைக் கேட்டா? அவனையே கேளேன்."

"கேட்டா வாயைத் திறக்கிற ஆளா அவன்? சரி, மத்தியான மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மனைவி திரும்பாமலே கையை ஆட்டினாள். அவ்வளவுதான். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தது. அவர் வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடிச் சட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவளுக்கு இதயம் பலவீனம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். "மாடிப்படி ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது" என்றார் டாக்டர்.

"படி ஏறாம இருந்துடுவா டாக்டர். ரெண்டாவதுக்குத்தான் என்னால உத்தரவாதம் தர முடியாது" என்றார் இவர். தொடையில் கிள்ளு விழுந்தது.

வீட்டோடு கிடக்கிறாளே என்று மகள்தான் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். நமக்கு ஒரு நாடு, பக்கத்தில் ஒரு நாடு. பக்கத்து நாட்டை ஆளும் சிவப்புக் கிரீடக்காரனைக் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும். இவள் ஒரு நகர்த்தல், அவன் ஒரு நகர்த்தல்.

இவள் வாய்க்கால் வெட்டினாள், மாதுளைத் தோட்டம் போட்டாள், ஊர் நடுவில் நூலகம் கட்டினாள். படைவீரன் என்று ஒருத்தன்கூடக் கிடையாது. சிவப்பு ராஜா நாலு நாளைக்கு ஒருமுறை குதிரைகளோடு வந்து தோட்டத்தைக் கொளுத்திவிட்டுப் போனான்.

"திருப்பி அடிடி!"

"அடிச்சா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

மதில் எழுப்பிப் பார்த்தாள். இடித்தான். தேன் அனுப்பினாள். குடித்துவிட்டு வந்து இடித்தான். பரிசோடு கடிதமும் வைக்கலாம் என்று தெரிந்ததும், 'அண்டை நாட்டு அரசருக்கு, நலமா?' என்று எழுத ஆரம்பித்தாள்.

"அம்மா, கம்ப்யூட்டர் அதையெல்லாம் படிக்காது" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இருக்கிறதுலயே சாதுவான லெவல்லதான் வெச்சிருக்கேன். ஆனா படை இல்லாத ஊரைப் பார்த்தா அதுக்குக் கை அரிக்கும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. பேசாம பக்கத்து நாடே வேணாம்னு எடுத்துடட்டுமா?"

"பக்கத்துல ஆளே இல்லாம எனக்கு எதுக்குடி ஊர்?"

ஒருநாள் நூலகம் எரிந்தது. இவள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஊசி போட்டு எழுப்பிய டாக்டர் கறாராகச் சொன்னார். "ஒண்ணு அந்த ராஜா அடங்கணும், இல்லேன்னா கம்ப்யூட்டரை மூடணும். இன்னொரு தடவை இது தாங்காது."

மூடச் சொன்னால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பாடும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரர், தூசு தட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரை அழைத்து வந்தார். அரைமணி நேரம் தட்டினார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை ஆடிப் பாரு. வந்து கொளுத்தினான்னா நானே தூக்கிப் பரண்ல போட்டுடறேன்."

மறுநாள் சாயங்காலம் கடைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவளே ஓடி வந்தாள். "ஓடாதே!"

"திரும்பிட்டாங்க! எல்லை வரைக்கும் வந்த படை அப்படியே திரும்பிடுச்சு! பதிலுக்கு நாலு பசுமாடு வேற அனுப்பியிருக்கான்!"

"பசுமாடா?"

"தேன் அனுப்பினேனே, மனசு இளகிடுச்சு போல."

அதன்பிறகு ஒன்றரை வருஷம் ஒரு செடிகூடக் கருகவில்லை. மருந்தின் அளவு பாதியானது. வந்தவர் போனவரிடமெல்லாம் சிவப்பு ராஜாவைத் திருத்திய கதைதான். அவனைப் பற்றிக் குறை சொல்லவும் செய்தாள்.

"முன்னெல்லாம் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ஆடிடுவான். இப்ப ஒரு நகர்த்தலுக்கு ஒருமணி நேரம் யோசிக்கிறான்."

"அவனுக்கும் வயசாகுதில்ல."

"ஞாயித்துக்கிழமை அசையவே மாட்டேங்கிறான்."

"ராஜான்னா லீவு வேணாமா?"

"வேணும், வேணும்" என்று அவரையே பார்த்துக்கொண்டு சிரிப்பாள்.

இருபது நாள் கழித்துத்தான் கடைக்காரர் கடையைத் திறந்தார். மேசைமேல் அந்தச் சட்டம் ஒரு கால் வளைந்தபடியே கிடந்தது. அதை நிமிர்த்தி முடித்தார். வேறு வேலை இல்லை. அன்றைக்குப் போடாமலே விட்டுப்போன கடைக் கம்ப்யூட்டரைப் போட்டார்.

திரையில் சிவப்புக் கிரீடம் வந்தது. தூசு தட்ட வந்தவர் வீட்டு விளையாட்டை இதோடு இணைத்துக் கொடுத்த நாள் முதல், ஒன்றரை வருஷமாக அதைச் சூடிக்கொண்டு, லென்ஸ் தேய்க்கும் வேலைக்கு நடுவே, தடுமாறித் தடுமாறி நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் அவர்தான்.

'பக்கத்து நாட்டு அரசி பரிசு அனுப்பியிருக்கிறார்: இருபது கூடை மாதுளை.' தேதி, அவள் போன அன்றைய தேதி. நேரம், காலை பத்தேகால். கூடவே ஒரு கடிதம்.

'அரசே, மாத்திரையை மேசை மேலயே வெச்சிட்டுப் போயிட்டீங்க. கடையை ரெண்டு நிமிஷம் பூட்டிட்டு வந்து எடுத்துக்கோங்க.'

அதற்குக் கீழே, வழக்கமான இடத்தில், வழக்கமான வரி இருந்தது: 'இரு நாடுகளுக்கும் இடையே அமைதி நிலவுகிறது.'