தண்ணீர் உறிஞ்சும் மெஷின்

குழாய் உடைந்து விடுதிக் கம்பளமெல்லாம் ஊறிக் கிடந்தது. சாமான் வாங்கும் பொறுப்பிலிருந்த அவள் கடைக்கு ஓடினாள்.

"சின்ன மெஷின் போதுமாம்மா?"

"போதாதுண்ணே. கம்பளத்துக்கு அடியிலயும் ஊறியிருக்கு. துணியால ஒத்திப் பிழிஞ்சே துப்புரவு பண்ற பொம்பளைங்களுக்குக் கையெல்லாம் புண்ணு."

"அப்ப இந்தப் பெருசை எடுத்துக்க. ஒரு ஆள் தள்ளினா நாலு பேர் வேலை முடியும்."

அதையே ஆசையாக வாங்கி வந்தாள்.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். "படிச்ச பொண்ணுன்னா சும்மாவா! இனி வாலிபப் பையன் ஒருத்தன் போதும். அந்த மூணு பொம்பளைங்களையும் நிறுத்திடு. நீயே போய்ச் சொல்லிடு."

கூடத்தில் மூவரும் மண்டியிட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அவள் மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். மூவரில் மூத்தவள் மெஷினைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"நான் பெத்த பொண்ணு பாத்துப் பாத்து வாங்கினது! நான்தான் முதல்ல ஓட்டுவேன், யாரும் கிட்ட வராதீங்கடி!"