நீல விளக்கு

துரைப்பாண்டி தன் பைக்கில் போனுக்கு சார்ஜ் போட ஒரு சாக்கெட் மாட்டினான். சாவியை அணைத்தால் அதுவும் அணையும்படி வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, நேராக பேட்டரியிலேயே முறுக்கிவிட்டான்.

சாவியை அணைத்ததும் ஹாரன் தூங்கிவிட்டது, ஹெட்லைட்டும் தூங்கிவிட்டது. சாக்கெட்டின் நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"அதான் சாவியை எடுத்துட்டுப் போயிட்டானே, இன்னும் எதுக்கு என்னைக் குடிக்கிறே?" என்றது பேட்டரி.

"எந்தச் சாவி? என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றது சாக்கெட். "நான் குடிக்கிறது ஒரு சொட்டு. அதுக்குப் போய் இப்படி அழறியே!"

துரைப்பாண்டி ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தான். வண்டி செல்ஃப் எடுக்கவில்லை.

"புது பேட்டரிண்ணே, சனியன் கழுத்தறுத்துடுச்சு!" என்று மெக்கானிக்கிடம் கத்தினான்.

"இப்ப வர்றது எதுவும் உழைக்கிறதில்ல தம்பி" என்றபடி அவர் அதைக் கழற்றித் தரையில் போட்டார். அதே வயரில் வேறு பேட்டரியை மாட்டினார். நீல விளக்கு எரிந்தது.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கே!" என்றது புதிய பேட்டரி.

தரையில் கிடந்த பழையது கத்திச் சொல்லப் பார்த்தது. குரல் எழுப்ப அதனிடம் அந்த ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.