வெள்ளி அட்டை

பழம் தரம் பிரிக்கும் கொட்டகை வாசலில், சாய்ந்த வெயிலுக்கு முதுகு காட்டி, காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள் இளைய மருமகள். நகரமெங்கும் மாதுளை விற்க அரசாங்கம் ஒட்டப்போகும் விளம்பரத்துக்கு அவள் முகம் வேண்டுமாம். கையில் பிளந்து வைத்திருக்கும் பழமோ மூத்த மருமகள் மரம் மரமாய்த் தேடிப் பறித்தது. "அக்கா, தள்ளி நில்லுங்க, நீங்களும் படத்துல விழுறீங்க," என்கிறார் புகைப்படக்காரர். தள்ளி நின்றவளிடம் வெள்ளிநிற அட்டையொன்றை நீட்டுகிறார். "இதப் பிடிச்சு அவங்க முகத்துல வெளிச்சம் காட்டுங்க. இன்னும் சிரிப்பு வரலைன்னா வேற ஆளத்தான் பாக்கணும்." மூத்தவள் முந்தானையை ஒருமுறை சரிசெய்துகொள்கிறாள். "அக்கா, என் தலை சரியா இருக்கா?" இளையவள் ஒரு கையால் முடியைத் தடவிக்கொள்கிறாள். "உனக்கென்னடி, ராணி மாதிரி இருக்கே." சொல்லிக்கொண்டே அட்டையை மெல்லச் சாய்க்கிறாள். வெளிச்சம் இளையவளின் கண்ணில் பளீரென்று அடிக்கிறது. கண் இடுங்கி, மூக்குச் சுருங்கி, "ஐயோ அக்கா, கூசுது!" என்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிவந்த முத்துகள் மடியில் சிதறுகின்றன. கேமரா விடாமல் சொடுக்குகிறது. "இதுதாங்க! இந்தச் சிரிப்புக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். அக்கா, ஆடாதீங்க, அப்படியே பிடிங்க." மூத்தவள் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அட்டையின் நிழல் தன் முகத்தை மூட.