ஏழாம் தொட்டி

“எதை வேணும்னாலும் நிறுத்துங்க. ஏழாம் தொட்டியில மட்டும் கை வைக்கக் கூடாது” என்றார் அண்ணன், கறாராக.

ஒயின் ஆலையின் மின்செலவைக் குறைக்க வழி சொல்ல வந்திருந்த இன்ஜினியர் பெண் விடவில்லை.

“சார், இங்க கரண்டைக் குடிக்கிறதே அதுதான். நிறைஞ்ச தொட்டி ஒரு தடவை குளிர்ந்துட்டா நாள் முழுக்க அப்படியே நிக்கும். இதுல என்னடான்னா மோட்டார் மூச்சு விடாம ஓடுது. குளிர் எங்கயோ கசியுது. ஒரு நாள் நிறுத்தினா கண்டுபிடிச்சுடலாம்.”

“அது என் தங்கச்சி பங்கும்மா. அவ புருஷன் கடைசியாப் போட்ட ஒயின். அது கெட்டா, போன மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது? கரண்டு எவ்வளவு ஆனாலும் ஆகட்டும்.”

தொட்டிகளுக்குப் பின்னால் தரையைக் கழுவிக்கொண்டிருந்த தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

அவள் கணவரும் அண்ணனும் கூட்டாக நடத்திய ஆலை இது. கணவர் போன பிறகு, அவள் பங்கு என்று அண்ணன் ஒதுக்கியது இந்த ஒரு தொட்டி. ஒயின் பக்குவமானதும் விற்று, மகளோடு தனியாக ஒரு வீடு பார்த்துப் போய்விட வேண்டும். அதுவரை அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையும் அண்ணியின் முகச்சுளிப்பும்தான்.

தினமும் வேலைக்கு வந்ததும் அந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஜில்லென்று இருக்கும். மனசும் குளிர்ந்துபோகும். திறந்து பார்க்கவும் ஆசைதான். “காத்துப் பட்டா கெட்டுடும்மா” என்று அண்ணன் பூட்டி வைத்திருந்தார்.

அன்றைக்குப் பாட்டில் கழுவும் கொட்டகையில் அவளால் நிமிர முடியவில்லை. சிக்கனம் என்று அங்கே மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள்.

“முதலாளிக்குத் தங்கச்சியாப் பொறந்திருக்கணும்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “தொட்டி கூட ஜில்லுனு இருக்கு. நாமதான் வேகுறோம்.”

“நானாக்கா கேட்டேன்?”

“நீ கேக்கலை. உனக்குக் கேக்காமலே கிடைக்குது.”

சுருக்கென்றது. தன்னால் அண்ணனுக்கும் தண்டச் செலவு, இவர்களுக்கும் வயிற்றெரிச்சல். மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போனதும், அவள் இன்ஜினியர் பெண்ணைத் தேடிப் போனாள்.

“ஏம்மா, கொஞ்ச நேரம் நிறுத்தினா ஒயின் கெட்டுடுமா?”

“சாயங்காலம் வரைக்கும் நிறுத்தினாக்கூட ஒண்ணும் ஆகாதுக்கா. அவ்வளவு ஒயினும் லேசுல சூடாகாது.”

“அப்போ நிறுத்து. என் தொட்டி, நான் சொல்றேன். எனக்காக அவரும் எவ்வளவுதான் தாங்குவார், பாவம்.”

பொத்தானை அவளே அமுக்கினாள். மோட்டார் அடங்கியது. இன்ஜினியர் பெண் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் கசிவில்லை. சரி, பார்க்கலாம் என்று இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்ததும் அவள் வழக்கம்போல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இல்லை. வெயில் பட்ட சுவர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

“அதுக்குள்ள எப்படிக்கா?” என்று இன்ஜினியர் பெண் விரல் முட்டியால் தொட்டியைத் தட்டினாள். ‘டங்’ என்று அடியிலிருந்து உச்சி வரைக்கும் அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் மேலே தட்டினாள். அங்கேயும் அதே சத்தம். அப்புறம் அவள் தட்டவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

வாசலில் வந்து நின்ற அண்ணனுக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“உன்னை யாரு அதை நிறுத்தச் சொன்னது?”

“உங்களுக்குச் செலவாகுதேன்னுதாண்ணே நிறுத்தினேன்” என்றாள்.

காலித் தொட்டியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. இத்தனை நாளும் அண்ணன் கரண்டைக் கொட்டிக் குளிர வைத்திருந்தது, அந்த உள்ளங்கை ஒன்றைத்தான்.