மேரன் பெயரில்

காலையில் காபி போட்டேன். பூனைக்குத் தீனி வைத்தேன். முந்தைய நாள் எழுதிய நிரலை, 'ஜிபி' என்று இரண்டே எழுத்து தட்டி அலுவலகத்துக்கு அனுப்பினேன். நிரலை அனுப்பும் 'கிட்' மென்பொருளின் நீளமான கட்டளைகளுக்குப் பதிலாக என் மனைவி வைத்துத் தந்த சுருக்கம் அது.

உடனே புதிய மேலாளர் டெஸ்மண்ட் அழைத்தார்.

"யாருப்பா இந்த மேரன்? உன்னைவிட நல்லா எழுதுறாங்க, மீட்டிங்குக்குத்தான் வர்றதில்ல!"

"என் மனைவிங்க. அவ கம்ப்யூட்டர்ல இருந்த சுருக்கத்தையே எனக்கும் போட்டுக் குடுத்தா. அவ பேரும் கூடவே வந்துடுச்சு."

"அப்போ அவங்களையே மாத்தித் தரச் சொல்லு. இன்னைக்குள்ள மாத்தலன்னா நீ அனுப்புற நிரல ஏத்துக்கமாட்டேன்."

சுருக்கம் எழுதியிருந்த வரியைத் திறந்தேன். அவள் பெயரருகே கர்சர் மின்னியது. அழிக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

பனியில் கார் சறுக்கி மேரன் இறந்தது போன குளிர்காலத்தில். அவள் பெயர் தினமும் புதிதாக வருவது நான் அனுப்பும் நிரலில் மட்டும்தான்.

விபத்து நடந்த அன்று காலை வாசலில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது:

"அந்தச் சுருக்கத்துல இருக்குற என் பேர முதல்ல எடுத்துடு. அப்புறம் மறந்துடுவ."